ஒப்பந்தத்தை மீறும் பார்சல் கம்பெனி: லோடை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி:

வணக்கம் மேடம். மாதவரத்தில் ஒரு பார்சல் கம்பெனியின் ஹப்பில் டிரைவராக இருக்கிறேன். சங்கக் கிளைச் செயலாளரும் நான்தான். 2024 பிப்ரவரியில் லேபர் ஆபீசர் முன்னிலையில் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டோம். எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், 30 கிலோவுக்கு மேற்பட்ட பார்சல் இருக்கும் வண்டியில் ஒரு ஹெல்பர் என்று அதில் இருக்கிறது. போன தீபாவளியிலிருந்து மாலை டிரிப்பில் ஹெல்பர் கிடையாது. எட்டு மணி நேரம் ஆனதும் ஸ்கேனரில் லாக் அவுட் பண்ணச் சொல்லிவிட்டு, மீதிப் பார்சலைப் பேப்பரில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். ஓ.டி.க்குப் பதில் நாளுக்கு 150 ரூபாய் இன்சென்டிவ். புதிதாக வந்த ஹப் மேனேஜர், "புதுச் சட்டம் வந்துடுச்சு, உங்க பழைய பேப்பர் செல்லாது" என்கிறார். இன்சென்டிவுக்குச் சம்மதம் என்று ஏழு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். பசங்களோ, "மாசாமாசம் சந்தா வாங்குறீங்களே, சங்கம் என்ன பண்ணுது?" என்கிறார்கள். ஒரு நாள் எல்லோரும் லீவு போட்டு லோடை நிறுத்திவிடலாம் என்பதே பெரும்பாலோர் பேச்சு. அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பார்சல் கம்பெனியின் டிரைவர்கள் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மூன்று மடங்கு வாங்குகிறார்களாம். நாங்கள் இரண்டு மடங்குக்கே நாயாய் அலைகிறோம். என்ன செய்யலாம்?

– பெயர் வேண்டாம், மாதவரம்

பதில்:

வணக்கம் தோழர். லீவு யோசனையை முதலில் ஓரம் வையுங்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்றைய நிலையில் அப்படி ஒரு லீவு, மேனேஜருக்கு நீங்களே கூப்பிட்டுக் கொடுக்கும் போனஸாகத்தான் முடியும்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, அதில் அடங்கிய விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. இது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்த தடை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இதை அப்படியே வைத்துக்கொண்டு மேலும் இறுக்கியிருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டால் அதுவே வேலைநிறுத்தம் என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போதாததற்கு, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து முன்னறிவிப்பில்லாமல் வராமல் இருந்தால், ஆளுக்கு எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க ஊதியச் சட்டம் இடம் தருகிறது. இன்றைக்கு ஒப்பந்தத்தை மீறியவர் மேனேஜர். நீங்கள் லோடை நிறுத்திய மறுநாள் காலையில் ஷோகாஸ் நோட்டீஸ் உங்கள் கையில் இருக்கும். பேச்சு ஹெல்பரைப் பற்றி இருக்காது, உங்கள் லீவைப் பற்றித்தான் இருக்கும்.

இனி, "பழைய பேப்பர் செல்லாது" என்ற அந்த வசனம். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிர்வாகம், சங்கம் இரண்டு தரப்புக்கும் கீழே சமரச அதிகாரியான லேபர் ஆபீசரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. ஆகவே இது நம் ஆட்கள் "பன்னிரண்டு மூணு" என்று சொல்கிற வகை, அதாவது பழைய சட்டத்தின் 12(3) பிரிவுப்படி சமரசப் பேச்சுவார்த்தையில் முடிந்த ஒப்பந்தம். இரண்டு தரப்பும் தனியாக உட்கார்ந்து போட்டுக்கொள்ளும் "பதினெட்டு ஒண்ணு" கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். பன்னிரண்டு மூணு அப்படியல்ல. சங்கத்தில் இல்லாதவர், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர், நாளை சேரப் போகிறவர் என்று அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தும். பழைய சட்டம் போனாலும், அதன்கீழ் நடந்தவற்றைக் காப்பாற்றும் பிரிவு புதிய தொகுப்பிலேயே இருக்கிறது. ஒப்பந்தங்களின் கட்டுப்படுத்தும் தன்மையும் அங்கே தொடர்கிறது. மீறலுக்கான தண்டனையில் சிறைக்காலம் ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அபராதம் குறைந்தது 20,000 ரூபாய், இரண்டு லட்சம் வரை போகலாம். மேனேஜர் புதுச் சட்டத்தைப் படித்திருந்தால் அதை உங்களிடம் எடுத்துப் பேசியிருக்க மாட்டார்.

மூன்று வருடம் முடிந்ததும் ஒப்பந்தம் செத்துப்போய்விடும் என்றும் நாளை ஒருவர் வந்து சொல்வார். அதையும் நம்ப வேண்டாம். ஒரு தரப்பு, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக எழுத்தில் அறிவிப்பு கொடுத்து அறுபது நாள் கழியும்வரை அது நீடிக்கும். அதன் பிறகும், புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வந்து அந்த இடத்தை நிரப்பும்வரை பழைய பணி நிலைமைகளே தொடரும் என்று 1980-இல் எல்.ஐ.சி. ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் என்னைப் போன்ற தொழிலாளர் வக்கீல்களின் கையிருப்பு.

இப்போது உங்கள் ஹப்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மேனேஜரின் பேச்சைவிட வேறொன்று. தீபாவளியிலிருந்து மீறல் நடக்கிறது என்கிறீர்கள். இத்தனை மாதத்தில் சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதமாவது போனதா என்று எங்கும் எழுதவில்லை. போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் திட்டியது கணக்கில் வராது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப் போவதே, "இவ்வளவு நாள் சும்மா வாங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்?" என்பதுதான். இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஷரத்து, எந்தத் தேதியிலிருந்து, எந்த டிரிப்பில், எப்படி மீறப்பட்டது, அவ்வளவு போதும். "முதலாளித்துவ அடக்குமுறை" எல்லாம் வாயிற்கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஹப் மேனேஜர், தலைமை அலுவலகத்தின் எச்.ஆர். இருவருக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட லேபர் ஆபீசருக்கும் ஒரு நகல். அதே அலுவலகத்தில் ஒப்பந்தத்தின் சான்றிட்ட நகலுக்கும் மனுக் கொடுங்கள். உங்களிடம் இருப்பது ஜெராக்ஸின் ஜெராக்ஸ், ஐந்தாம் பக்கத்தில் பாதி வரி காணோம்.

அடுத்து ஓ.டி. இந்த ஸ்கேனர் தந்திரம் புதியதல்ல. கருவியில் எட்டு மணி நேரத்தோடு கணக்கு முடிந்துவிடும், வேலை பேப்பரில் தொடரும். ஆனால் பார்சல் தொழிலில் ஒரு வசதி உண்டு, ஒவ்வொரு அசைவும் எங்காவது பதிவாகிவிடும். லாக் அவுட் மாலை ஐந்துக்கு என்றால், ஆறே முக்காலுக்கு மண்ணடி கடைக்காரர் போட்ட டெலிவரிக் கையெழுத்தில் நேரம் இருக்கிறது. வண்டியின் ஜி.பி.எஸ்., ஹப் கேட்டில் செக்யூரிட்டி எழுதும் உள்ளே–வெளியே நோட்டு, டீசல் பில், டிரிப் ஷீட்டின் கிலோமீட்டர் கணக்கு என்று வரிசையாகச் சாட்சி நிற்கிறது. இவை எல்லாம் நிர்வாகத்தின் ஆவணங்கள், அவற்றைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட்டுக் கேட்கலாம். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு டிரைவரும் ஒரு டைரியில் தேதி, வந்த நேரம், ஸ்கேனர் லாக் அவுட் நேரம், வண்டியை ஹப்பில் விட்ட நேரம், அன்று ஹெல்பர் இருந்தாரா என்பதை அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய டைரியைக் குறுக்கு விசாரணையில் அரை மணி நேரத்தில் கிழித்துவிடுவார்கள். ஒரே பேனா, ஒரே மை, எல்லா நாளும் மாலை ஏழு மணி என்று இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். பேப்பரில் எழுதிக் கொடுக்கும் அந்த மீதிப் பார்சல் பட்டியலை, திருப்பிக் கொடுக்கும் முன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரின் கையெழுத்திலேயே உங்களுக்கு ஆதாரம் கிடைக்கிறது, விட்டுவிடாதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும் நேரம் வேலை நேரமில்லை என்று மேனேஜர் சொல்கிறாராம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். டிரிப்பின் நடுவில், லோடு வண்டியில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஓய்வில் இருக்கிறார் என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதையும் டைரியில் சேருங்கள்.

எழுதியதைப் பணமாக்கிப் பாருங்கள். கணக்கு எளிதாக இருக்க, ஒருவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 800, மணிக்கு 100, ஓ.டி.க்கு 200. தினம் இரண்டு மணி நேரம் கூடுதல் என்றால் 400 ரூபாய் வர வேண்டும், வருவதோ 150. நாளுக்கு 250 வீதம் மாதம் 6,500 ரூபாய் குறைகிறது. அப்படி 40 டிரைவர்கள் என்றால் மாதத்துக்கு 2,60,000. ஆறு மாதத்தில் பதினைந்தரை லட்சத்தைத் தாண்டிவிடும். "எங்களை ஏமாற்றுகிறார்கள்" என்று பத்துக் கடிதம் எழுதுவதைவிட இந்த ஒரு அட்டவணை தலைமை அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவை எழுப்பி உட்கார வைக்கும்.

இந்தப் பாக்கியை வசூலிக்கும் வழிதான் நாங்கள் "முப்பத்து மூணு சி டூ", அதாவது பழைய சட்டத்தின் 33-சி(2) பிரிவு, என்று பழகிப்போனது. புதிய தொகுப்பில் அது 59-ஆம் பிரிவு. உரிமை ஏற்கெனவே ஒப்பந்தத்தில் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. அதை ரூபாயாகக் கணக்கிட்டுத் தரச் சொல்லும் மனு இது, கோர்ட் வராந்தாவில் சி.பி. (க்ளெய்ம் பெட்டிஷன்) என்பார்கள். தொகை உறுதியான பிறகு அரசின் சான்றிதழோடு கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். ஆனால் அரசிடம் வசூல் மனுக் கொடுக்க ஒரு வருடக் கெடு இருக்கிறது, தகுந்த காரணம் காட்டினால் தவிர நீளாது. ஆகவே தீபாவளிக் கணக்கை அடுத்த தீபாவளிவரை ஊறப்போட வேண்டாம். ஊதியச் சட்டத் தொகுப்பின்கீழ் அதிகாரியிடம் போவது இன்னொரு பாதை. அங்கே மூன்று வருடம் வரை கேட்கலாம். பாக்கிக்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு உண்டு. சம்பளத்தைக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் முதலாளி தலையில்தான். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அட்டவணையைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். பொதுவாக, ஓ.டி. இரட்டிப்பு என்பது சட்டத்திலேயே இருப்பதால் இரண்டாவது பாதை சுருக்கமானது என்பது என் எண்ணம்.

ஹெல்பர் விவகாரம் இதைவிடக் கடினம், அதனால் முக்கியமும்கூட. ஓ.டி.யைப் பணமாகத் திருப்பி வாங்கிவிடலாம். மாலை ஆறு மணிக்கு மின்ட் தெருவில் வண்டியைத் தனியாக விட்டுவிட்டு, நாற்பது கிலோ ஜவுளி பண்டலைத் தோளில் தூக்கி மாடிப்படி ஏறிய முதுகுக்கு எந்தக் கோர்ட்டிலும் கணக்கு மனு கிடையாது. இறங்கி வரும்போது வண்டியில் ஒரு பெட்டி குறைந்தால் அதுவும் டிரைவர் சம்பளத்திலிருந்துதான் போகும். இப்படிப்பட்ட ஷரத்தை அமல்படுத்த சமரச அதிகாரியிடம் தொழில் தகராறு எழுப்ப வேண்டும், பழைய சட்டத்தின் 2(கே) பிரிவை வைத்து "டூ கே" மனு என்பார்கள். அதில் மூன்றைக் கேளுங்கள்: ஷரத்தை அமல்படுத்த அறிவுரை, ஒப்பந்த மீறல் நேர்மையற்ற தொழில் நடைமுறை என்ற பதிவு, நிர்வாகத்தின் மேல் வழக்குத் தொடரக் கோரிக்கை. மூன்றாவது உடனே நடக்கும் என்று எண்ண வேண்டாம். தண்டனை வழக்கு மெதுவாக நகரும், தொழிலாளி கையில் மட்டும் இருப்பதும் அல்ல. ஆனாலும் கேட்க வேண்டும். சிறை என்ற சொல் உள்ள நோட்டீஸ் வந்தால் ஹப் மேனேஜர் அதை மேசை டிராயரில் போட முடியாது, மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

சமரசப் பேச்சு தொடங்கினால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. தகராறில் இருக்கும் பணி நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக அந்தக் காலத்தில் மாற்றக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களை அனுமதியில்லாமல் வேலைநீக்கமும் செய்ய முடியாது. சங்க நிர்வாகிகளில் சிலரைப் "பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்" என்று அங்கீகரிக்கக் கேட்டு எழுதுங்கள். உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும். சமரச அதிகாரி முன் சங்க நிர்வாகியே பேசலாம், வக்கீல் தேவையில்லை. (இதை எழுதுவதால் என் வருமானம்தான் குறைகிறது.) லேபர் ஆபீஸ் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மணிக்கணக்காக நிற்கும் ஜாமீன்தாரர் மாதிரி ஒடுங்கிப் போகாதீர்கள். ஷரத்து எண்ணும் டைரியும் கையில் இருந்தால் நீங்கள் பேசுவது என்னைவிட நன்றாகவே எடுபடும்.

அதுவரை ஹெல்பர் இல்லாத வண்டியை எடுப்பதா, மறுப்பதா? எடுங்கள், ஆனால் டிரிப் ஷீட்டிலேயே "ஹெல்பர் தரப்படவில்லை, ஆட்சேபத்துடன் எடுத்துச் செல்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள். உத்தரவை மறுத்தால் அது கீழ்ப்படியாமை என்ற தனி வழக்காகிவிடும். நியாயம் உங்களிடம் இருந்தாலும் சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்காரும் மாதங்களுக்கு யார் அரிசி வாங்கித் தருவார்கள்? ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. பிரேக் பிடிக்காத வண்டி, அளவுக்கு மீறிய பாரம் என்றால் தயங்காமல் எழுத்தில் மறுத்துவிடுங்கள். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய், டன்னுக்கு மேலும் 2,000. மடக்கப்படும்போது வண்டியில் இருப்பது நீங்கள், மேனேஜர் இல்லை.

கையெழுத்துப் போட்ட ஏழு பேரைத் துரோகி என்று யாராவது சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். சங்கம் பிளந்தால் மேனேஜருக்கு வேறு வேலையே தேவைப்படாது. சமரச ஒப்பந்தம் கொடுத்த உரிமையைத் தனியாளிடம் வாங்கிய ஒரு சம்மதக் கடிதம் குறைத்துவிடாது. அந்த ஏழு பேரும், எந்தச் சூழலில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று எழுதிச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஆளுக்கொரு கடிதம் கொடுத்தால் போதும். ஏழும் ஒரே வாசகமாக இருக்க வேண்டாம், அவரவர் சொற்களில் எழுதட்டும். இனி யாரையாவது அறைக்குள் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினால் "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதித் தேதி போட்டு, நகலோடு வெளியே வரச் சொல்லுங்கள்.

யூபிஎஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று மடங்கு உண்மைதான். ஆனால் கம்பெனி தானாக எடுத்துக் கொடுப்பதில்லை. டிரைவர் தன் பெயரை அதற்கான பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரை மணி நேரத்தைத் தாண்டியிருக்க வேண்டும், அதன் பிறகு புகாரும் எழுத வேண்டும். அவர்களுடைய டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் ஒவ்வொரு கிளையிலும் ஸ்டூவர்டு என்று சக தொழிலாளி ஒருவர் இருப்பார். ஒப்பந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு புகார் எழுதுவதே அவர் சங்கப் பணி. 1997-இல் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்து அந்தக் கம்பெனியைப் பணிய வைத்தார்களே, அதுவும் பழைய ஒப்பந்தம் ஜூலை 31-இல் முடிந்த பிறகு, ஆகஸ்டில்தான். உங்கள் ஹப்பிலும் ஷிப்டுக்கு ஒருவரை நியமியுங்கள். மேடையில் பேசுகிறவர் வேண்டாம், கையெழுத்து அழகாக இருக்கிற, எதையும் மறக்காத ஆள் வேண்டும். அப்படி ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார், யாரும் அவரைக் கவனித்திருக்க மாட்டார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க் குழு வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதில் பாதி உறுப்பினர்கள் தொழிலாளர்கள். உங்கள் ஹப்பில் அது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அதுவும் புகாரில் ஒரு வரி.

"சங்கம் என்ன பண்ணுது" என்று கேட்கும் பையன்களுக்கு ஒரு பழைய கதை சொல்லலாம், உங்கள் ஏரியா கதைதான். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு எல்லாம் முன்னின்றார்கள். இரண்டொரு வருடத்தில் ஆலை நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தடையாணையும் வாங்கியது. அன்று ஒப்பந்தம் என்பது தொழிலாளியின் வாயை அடைக்க முதலாளி கையில் இருந்த காகிதம். அந்த வழக்கு கிளப்பிய எதிர்ப்பிலிருந்துதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது, சங்கத்துக்குப் பாதுகாப்பும் வந்தது. இன்று நிர்வாகம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைச் சங்கம் நீட்டிக் காட்ட முடிகிறது. மாதவரத்திலிருந்து பெரம்பூர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் ஒப்பந்தம் 2027 பிப்ரவரியில் மூன்று வருடத்தை முடிக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தைப் பேசப் போவது யார் என்பதைப் புதிய தொகுப்பு வேறு மாதிரி முடிவு செய்கிறது. நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் யார் பக்கமோ அந்தச் சங்கமே பேசும். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. அதற்குள் உங்கள் ஹப்பில் புதிதாக ஒரு சங்கம் முளைத்தாலும் முளைக்கும், அதன் சந்தாவை யார் கட்டுவார்கள் என்று நான் எழுத வேண்டாம். உறுப்பினர் பதிவேடு, சந்தா ரசீதுக் கட்டு, பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய வருடாந்திரக் கணக்கு மூன்றையும் இப்போதே சரி செய்யுங்கள். வரைவு எழுதும்போது ஓ.டி.யை ஸ்கேனர் நேரத்தால் அளக்காமல், ஹப் கேட்டில் நுழைந்து வெளியேறும் நேரத்தால் அளக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஹெல்பர் ஷரத்தில் மீறலுக்கு டிரிப்புக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டால், அடுத்த முறை அதுவும் கணக்கு மனுவாகிவிடும். அட்டவணை தயாரானதும் சான்றிட்ட நகலோடு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து பார்க்கலாம்.